எழுபத்தொன்பதை எண்பத்திரண்டாக்கிய கதை

ஜூலை மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடைப்பட்ட பகுதி. வாகனம்: வெள்ளை நிறச் சிறிய கார். ஓட்டியவர்: நான். உடன் வந்தவர்: எவருமில்லை. வானம்: தெளிவு. சாலை: காலி. அனுமதிக்கப்பட்ட வேகம்: மணிக்கு அறுபது கிலோமீட்டர். பதிவான வேகம்: எழுபத்தொன்பது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. அபராதம் குறித்த குறுஞ்செய்தி கைப்பேசிக்கு வந்தது.

அதே வாரம், வியாழக்கிழமை. போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் நேரில் ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டது. ஆட்சேபித்தவரின் வாதத்தாலேயே ஆட்சேபம் தோற்றது.

மேற்கண்டவை உண்மைகள். இவற்றை நான் மறுக்கவில்லை. (மறுத்துப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.)

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்றவர்கள் தவறு செய்தால் தவறு மட்டுமே மிஞ்சும்; படித்தவன் செய்தால் அதற்கான நிரூபணமும் கூடவே கிடைக்கும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அப்பன், பிள்ளை என்று இரண்டு தலைமுறைகளுக்கு விளக்கியிருக்கிறேன். அவர்களில் பலர் இன்று நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆகவே குறை பாடத்தில் இல்லை.

என் மனைவி விமலா பிப்ரவரியில் இறந்தாள். அதன் பிறகு காருக்கு வேலையில்லாமல் போயிற்று. சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் அது ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு நாள் சாவியைத் திருப்பினேன், சத்தமே வரவில்லை. கேம்ப் ரோட்டிலிருந்து வந்த மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இன்னா சார், வண்டிய இப்டி சும்மா வுட்டுகினு கீற? வாரத்துக்கு ஒரு தபா எட்த்துகினு ஒரு ரவுண்டு போய்ட்டு வா சார். இல்லாங்காட்டி புது பேட்டரியும் பூடும்."

"எங்க போறது?"

"எங்கினா போ சார். வண்டிக்கு இன்னா தெரியப்போவுது?"

வண்டிக்குத் தெரியாது என்பது உண்மையே. எனவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் தாம்பரம் வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பி, பொத்தேரி வரை போய்த் திரும்பிவருவது என்று ஏற்படுத்திக்கொண்டேன். பொத்தேரியில் எனக்கு எந்த அலுவலும் இல்லை. தேநீர்க் கடை வாசலில் தூக்கம் கலையாத கல்லூரி மாணவர்கள் நிற்பார்கள். நான் அவர்களைக் கடந்து சென்று வண்டியைத் திருப்புவேன். ஏதோ ஒரு வாரம் அவர்களில் ஒருவன் கையசைத்தான். நானும் அசைத்தேன். அந்த வாரத்தில் நான் நேரில் நடத்திய ஒரே உரையாடல் அதுவாக இருக்கலாம்.

செய்தி வந்த செவ்வாய்க்கிழமை, புனேயில் இருக்கும் என் மகள் மாலினியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா, நல்லாப் படிச்சுப் பாருங்க. ஸ்லோவா போனதுக்குப் போட்டிருப்பாங்க."

"எழுபத்தொன்பதுன்னு இருக்கு."

"எழுபத்தொம்பது உங்க வயசா இருக்கும்ப்பா."

(என் வயது அதுவல்ல. இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.) பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அம்மா போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடிக்கும்வரை கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன்.

"ஆன்லைன்ல கட்டிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை" என்றாள்.

"கட்டப்போறதில்ல."

"ஏம்ப்பா?"

"ரெக்கார்டு இருக்கு."

அவளுக்கு உடனே புரிந்தது. எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். திருமணமான ஆண்டில் நான் ஓட்டுநர் உரிமம் வாங்கினேன். அன்றிலிருந்து நாற்பத்தொரு ஆண்டுகளில் என் மேல் ஒரு வழக்கு இல்லை. ஓர் அபராதம் இல்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லிய ஒரு விசில்கூட இல்லை. இது தானாக நேர்ந்த ஒன்று. நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. விமலா நினைத்தாள். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "நாப்பத்தொரு வருஷம், ஒரு கேஸ் கிடையாது" என்பதை முதலிலும், "காலேஜ்ல புரொஃபஸரா இருந்தார்" என்பதை, பந்திக்கு இடம் கிடைக்கும்வரை நேரம் இருந்தால், இரண்டாவதாகவும் சொல்வாள். என் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி அவள் எவரிடமும் பேசியதாக நினைவில்லை. அதில் நியாயமும் இருந்தது.

அவள் சேர்த்துவைத்தவற்றில் பாத்திரங்களை மாலினி எடுத்துச் சென்றாள். புடவைகளை உறவினர் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பெருமை ஒன்றுதான் என் பொறுப்பில் இருந்தது. அதை ஐந்தே மாதத்தில், அதுவும் பொத்தேரியிலிருந்து சும்மா திரும்பி வரும் வழியில், தொலைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

எதிர் வீட்டு பஷீர் பாய்க்குக் கிழக்குத் தாம்பரத்தில் டயர்க் கடை. செய்தியைக் கேட்டதும் அவர் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு எனக்குச் சாட்சி சொல்லக் கிளம்பிவிட்டார்.

"நான் வந்து சொல்றேன் சார். நீங்க முன்னாடி போனா பின்னாடி வர்ற ஆம்புலன்ஸே நம்பிக்கைய விட்டுடும். காலனில உங்க வண்டிக்கு என்ன பேருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தேரு. நான் வெக்கல சார், அல்லா மேல சத்தியமா. ஏற்கெனவே இருந்துச்சு."

நாற்பதாண்டு நற்பெயரின் உண்மையான வடிவம் இது என்று அன்றுதான் அறிந்தேன். ஆயினும் வழக்குக்கு உதவும் என்பதால் கோபப்படவில்லை. தீர்ப்பு வரும்வரை காரைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன். ஆட்டோவில் போனோம்.

போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னார். அறையில் இன்னும் சிலர் தங்கள் முறைக்காக நின்றார்கள். அவர்களில் சிவப்பு விளக்கைத் தாண்டிய ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், தன் வழக்கை மறந்து என் வழக்கைக் கவனிக்கத் தொடங்கினார்.

"மேடம், இவரு ஸ்பீடாப் போற ஆளே கிடையாது" என்று பஷீர் பாய் ஆரம்பித்தார். "இவர் பின்னாடி மாட்டிக்கிட்டா நாங்க வண்டிய ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிக்கிட்டே போயிடுவோம். காலனில யார வேணா கேளுங்க."

உதவி ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். படத்தில் என் கார் இருந்தது. எண் தெளிவாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நான் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்குத் தாமதமாக வந்த மாணவனை எதிர்கொள்ளும் முகம். பக்கத்து இருக்கையும் தெளிவாகவே பதிந்திருந்தது.

"உங்க வண்டிதான சார்?"

"வண்டி என்னோடதுதான் மேடம். அந்த வேகம் என்னோடது இல்ல."

"பின்ன அது யாரோடது சார்?"

"கருவியோடது."

இவ்வளவுடன் நிறுத்தியிருந்தால் ஒரு சாதாரண முதியவரின் பிடிவாதமாக அது முடிந்திருக்கும். ஆனால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அன்றைய பணிப் பொறுப்புகளை அதில் எழுதியிருந்தார்கள். கீழே ஓர் ஓரம் காலியாக இருந்தது. காலிப் பலகையைக் கண்டால் என்னைப் போன்றவர்களுக்கு உடலில் ஏதோ ஆகிவிடுகிறது. அனுமதி கேட்டேன். அந்த அம்மையார் மரியாதைக்காகக் கொடுத்துவிட்டார். (வாழ்நாளெல்லாம் வருந்துவார்.)

ஒரு சாலை வரைந்தேன். ஒரு கார் வரைந்தேன். ஓரத்தில் கேமராவை வரைந்தேன். "கவனியுங்கள்" என்றேன். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் கைகளைக் கட்டிக்கொண்டார். கேமரா சாலையின் நேர்க்கோட்டில் நிற்கவில்லை, ஓரத்தில் ஒரு கோணத்தில் நிற்கிறது. ஆகவே வண்டியின் முழு வேகமும் அதற்குத் தெரியாது, தன்னை நோக்கி வரும் பங்கு மட்டுமே தெரியும். ஆகவே அது காட்டும் எண்ணில் பிழை உண்டு என்று விளக்கினேன். முழு வேகமும் தெரியாது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அதன் பொருள் எனக்குத் தைக்கவில்லை.

"அளவீட்டில் பிழை உண்டு என்று எழுதினால் போதாது, பிழை எந்தப் பக்கம் என்றும் எழுத வேண்டும்." இதை விடைத்தாள்களின் ஓரத்தில் சிவப்பு மையால் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தப் பழக்கம் கையைத் தொடர்ந்து எழுதவைத்தது. கருவி காட்டிய வேகம், உண்மை வேகத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கக் கிடைப்பது. கோணம் பதினைந்து பாகை என்று வைத்துக்கொண்டேன். கொசைன் ஒன்றைவிடச் சிறியது. எழுபத்தொன்பதை அதனால் வகுத்தேன்.

வகுத்துவிட்டு நின்றேன்.

"இன்னா சார், கொறஞ்சிச்சா?" என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டுநர், உண்மையான அக்கறையுடன்.

"கூடியிருக்கு."

"எவ்ளோ?"

"எண்பத்திரண்டு" என்றேன். துல்லியம் கருதி, "தோராயமாக" என்றும் சேர்த்தேன்.

அறை வெடித்தது. "தலைவா, இன்னொரு வாட்டி போட்டன்னா தொண்ணூறு வந்துரும், வுட்ரு!" என்றார் அவர். பஷீர் பாய் என் காதருகே குனிந்து, "சார், அழிச்சிடுங்க சார், யாரும் எழுதிக்கல" என்றார். என்னால் அழிக்க முடியவில்லை. விடை பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு கணக்கை அழித்ததில்லை. விடைக்குக் கீழே, பழக்க தோஷத்தால், இரண்டு கோடும் இட்டேன்.

உதவி ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை மீட்கும் எண்ணத்துடன் கேட்டார்: "சரி, கேமராவ விடுங்க சார். உங்க மீட்டர் எவ்ளோ காட்டுச்சு? நீங்க பாத்திருப்பீங்கல்ல?"

எளிய கேள்வி. அந்த ஞாயிறு மட்டுமல்ல, அதற்கு முந்தைய எந்த ஞாயிறும் நான் வேகமானியைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"பாக்கல" என்றேன்.

"ஏன் சார்?"

"அது என் வேலை இல்ல."

மறுபடியும் சிரிப்பு. "பின்ன யாரு வேலைங்க அது?"

"என் மனைவியோட வேலை."

இதைச் சற்று விளக்க வேண்டும். சாலையைப் பார்ப்பது நான், முள்ளைப் பார்ப்பது விமலா என்று முதல் கார் வாங்கிய காலத்திலேயே எங்களுக்குள் பிரிந்துவிட்டது. எவரும் பிரிக்கவில்லை, பிரிந்தது. அவள் "மெதுவா" என்று ஒருபோதும் சொன்னதில்லை. எண்ணை மட்டும் சொல்வாள். "ஐம்பத்தஞ்சு" என்பாள், காய்ச்சல் பார்த்துச் சொல்வதுபோல. நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பேன். கடைசிச் சில ஆண்டுகளில், காரில் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் எண்கள்தான். அதை நான் உரையாடல் என்று நினைத்திருக்கவில்லை.

"அன்னிக்கு மேடம் கூட வரலையா சார்?" என்றார் உதவி ஆய்வாளர்.

"இல்ல. பிப்ரவரியில தவறிட்டாங்க."

பஷீர் பாய் தரையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுநர், "சாரி சார்" என்றார். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே அதை நிரப்புவதற்காக, "அவங்க படிச்சா எப்பவும் நாலஞ்சு கூடத்தான் வரும். பக்கத்து இருக்கையிலேருந்து சாய்வாப் பாக்கறதால முள் வலப்பக்கம் நகர்ந்த மாதிரி தெரியும். இடமாறு தோற்றப் பிழை" என்று சொல்லி, பலகையில் ஒரு வட்டம் வரையத் தொடங்கினேன். பஷீர் பாய் எழுந்து வந்து என் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கி மூடினார்.

அந்தப் பிழை எனக்கு நாற்பதாண்டுகளாகத் தெரியும். அவள் ஐம்பத்தைந்து என்றால் உண்மையில் ஐம்பது. நான் அதைத் திருத்தியதில்லை. என் சுத்தமான ரெக்கார்டு முழுவதும் அந்தப் பிழையின் மேல்தான் நின்றிருந்தது.

உதவி ஆய்வாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சார், அன்னிக்கு எமர்ஜென்சி ஏதாவது இருந்துச்சா? ஆஸ்பத்திரி, அந்த மாதிரி? இருந்தா எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன், பாப்பாங்க."

பஷீர் பாய் என் முழங்கையைத் தொட்டார். அறையில் இருந்த அனைவரும், நான் ஆமென்று சொல்ல வேண்டும் என்று விரும்பியதாக எனக்குத் தோன்றியது. ஒரு சொல் போதும். விமலாவின் நாற்பத்தொரு ஆண்டும் கீறல் விழாமல் மிஞ்சியிருக்கும்.

அவள் இறப்பதற்கு முந்தைய மார்கழியும் தையும் நாங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். மேடவாக்கம் வழியாக, தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால். ஒரு நாள் அவளுக்கு வலி அதிகமாக இருந்தபோது, வழி கிடைத்ததும் வண்டியை விரட்டினேன். கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். "அறுபது" என்றாள். காலை எடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு நான் வேகமாப் போனதே இல்லீங்க" என்றேன்.

"அப்ப எங்கதான் சார் போனீங்க?"

"பொத்தேரிக்கு."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. பேட்டரி சார்ஜ் ஆகணும்."

இதற்கு எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், நான் தவறாக நினைத்திருக்க மாட்டேன். உதவி ஆய்வாளர் ஏதோ தட்டச்சு செய்தார். பிறகு நிமிர்ந்து, "எழுபத்தொம்பதுக்கே கட்டிடுங்க சார். எண்பத்திரண்டு நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

கட்டினேன். மாலினி சொன்னது சரி. இரண்டு நிமிடம்தான் ஆயிற்று.

எண்பத்திரண்டு எங்களுக்குள்ளேயே இருக்கவில்லை. பஷீர் பாய் வீடு திரும்பிய ஒரு மணி நேரத்தில் காலனி முழுவதும் பரவியது. ('உங்க பேரக் காப்பாத்தத்தான் சார் சொன்னேன்' என்கிறார்.) தேர் என்ற பெயர் ஒழிந்தது. இப்போது காவலாளி கதவைத் திறக்கும்போதே, "எய்ட்டி டூ சார் வர்றாரு, ஓரமா நில்லுங்க" என்று குரல் கொடுக்கிறார். நான் வரும் வேகத்தில் அவர் அதைச் சொல்லிமுடித்து ஒரு பீடியும் பற்றவைத்துவிடலாம்.

புனேயில் என் கொசைன் ஒரு வழக்குச் சொல்லாகிவிட்டது. என் மருமகன் ஓர் உணவகத்தில் பில் தப்பு என்று சண்டையிட்டு மறுபடி கூட்டச் சொன்னாராம். கூட்டியதில், இரண்டு காபி விட்டுப்போயிருந்தது தெரியவந்ததாம். "மாமா மாதிரி கொசைன் போட்டுட்டேன்" என்று அவரே சொல்லிக்கொண்டார் என்று மாலினி தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் இனி எவரும் தனக்கு எதிராகத் தானே வாதாடி வென்றால் அதற்குப் பெயர் அதுதான். அவள் சிரிப்பதற்காக இந்தக் கதையை நானும் இரண்டு மூன்று முறை, அவளுக்கு முன்பே தெரியும் என்று தெரிந்தே, சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போகிறேன். வேகமானியை நானே பார்க்கிறேன். நேராக உட்கார்ந்து பார்ப்பதால் சரியான எண்ணே தெரிகிறது. அதனுடன் ஐந்து கூட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்கிறேன்.

செய்யாமல் இருப்பவை:

அபராத ரசீதைக் காரின் மற்றக் காகிதங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது.

காலனி நலச் சங்கம் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச என்னை அழைத்திருந்தது. ஒப்புக்கொண்டது குற்றத்துக்கு முன்பு. மறுத்து எழுத வேண்டும். (மறுக்கக் கூடாது, கூட்டம் வரும் என்கிறார் செயலாளர்.)

கோணம் பதினைந்து பாகை என்றது என் ஊகம். நேரில் சென்று அளக்க வேண்டும். மாலினி தடை விதித்திருக்கிறாள்.

பல்லாவரத்தில் இருக்கும் விமலாவின் அக்காவுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கு எண்பது வயதாகப்போகிறது, எங்கும் போவதில்லை, காலனிப் பேச்சு அவரை எட்டவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில், பேரன் மறுபடியும் அபராதம் கட்டியதைச் சொல்லி நொந்துகொண்டார். "உங்களப் பாத்துக் கத்துக்கடான்னு சொன்னேன் தம்பி. விமலா சொல்லிட்டே இருப்பாளே, இத்தன வருஷத்துல ஒரு கேஸ் கிடையாதுன்னு" என்றார். "ஆமாங்கக்கா" என்றேன். இதைப் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறேன். செய்வதாக இல்லை.